நீல வெளிச்சத்தில் சிவக்கும் கட்டி: அண்ணாவின் மூளைச் சத்திரசிகிச்சை தந்த அனுபவம்

மூளைக்கட்டிக்கு ‘வெளிச்ச மருந்து’ கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்கிறார்களாமே, அது நோயை மாற்றிவிடுமா என்று கடந்த சில வருடங்களாகப் பலர் என்னிடம் கேட்டு வருகிறார்கள். கோண்டாவிலிலிருந்தும் சாவகச்சேரியிலிருந்தும் கரவெட்டியிலிருந்தும் வருகின்ற இந்தக் குடும்பங்களின் கையில் ஒரு ஸ்கான் அறிக்கை இருக்கும். தொலைபேசியில், வெளிநாட்டிலுள்ள உறவினர் வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி ஒன்றும் இருக்கும். என் அண்ணாவுக்கு இந்த மருந்தைக் கொடுத்துத்தான் சென்னையில் கட்டியை அகற்றினார்கள் என்பதையும், நான் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்தவள் என்பதையும் அறிந்தே அவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்வதை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்தால் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. நோயாளியின் பக்கத்தில் இருந்தவள் என்ற முறையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒளியோடு சேர்ந்து வேலைசெய்யும் மருந்துகள் மூளைக்கட்டியில் இரண்டு விதமாகப் பயன்படுகின்றன. ஒன்று, கட்டி எங்கே இருக்கிறது என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணரின் கண்ணுக்குக் காட்டுவது. மற்றது, மருந்தை உள்ளெடுத்த கலங்களின்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி அவற்றைக் கொல்வது. முதலாவது இன்று பல நாடுகளில் வழமையான நடைமுறை. இரண்டாவது மிகச் சில இடங்களில் மட்டும் கிடைப்பது. எங்கள் ஊரில் பரவுகின்ற செய்திகள் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ‘வெட்டாமலே வெளிச்சத்தால் கட்டியைக் கரைக்கிறார்கள்’ என்று ஆக்கிவிடுகின்றன. அண்ணாவுக்குக் கிடைத்தது முதலாவது வகை. அது சிகிச்சை அன்று, சிகிச்சை செய்பவருக்கான உதவி.

அண்ணா தபால் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் சொற்கள் தடுமாறத் தொடங்கியபோது வயது காரணம் என்று எல்லோரும் நினைத்தோம். ஒரு நாள் காலையில் வலிப்பு வந்தது. யாழ் போதனா வைத்தியசாலையில் அனுமதித்து, சீ.ரீ. ஸ்கானும் பின்னர் எம்.ஆர்.ஐ. ஸ்கானும் எடுத்தபோது, இடது பக்க நெற்றிப்பொட்டுப் பகுதி மூளையில், அதாவது பேச்சோடு தொடர்புடைய இடத்திற்கு மிக அருகில், ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. படத்தில் அதன் விளிம்பு வளையம்போல் ஒளிர்ந்தது. வலிப்புக்கு மாத்திரையும், மூளை வீக்கத்தைக் குறைக்க டெக்சாமெதசோனும் தொடங்கினார்கள். இரண்டு நாட்களிலேயே அவருடைய பேச்சு ஓரளவு தெளிந்தது. கட்டியே குறைந்துவிட்டது என்று அண்ணி மகிழ்ந்தார். குறைந்தது வீக்கம் மட்டுமே என்று அவருக்கு விளக்குவது வேதனையாக இருந்தது. மருமகன் சென்னையில் வேலை செய்வதால், அங்கேயே சத்திரசிகிச்சை செய்வதென்று குடும்பமாகத் தீர்மானித்தோம். பலாலியிலிருந்து நேரடியாகச் சென்னைக்கு விமானம் இருந்தது பெரிய ஆறுதல்.

இத்தகைய கட்டியை, குறிப்பாகக் கிளையோபிளாஸ்டோமா என்ற, மிகத் தீவிரமான நான்காம் நிலைக் கட்டியை, முழுமையாக அகற்றுவது ஏன் கடினம் என்பதை அங்கிருந்த நிபுணர் பொறுமையாக விளக்கினார். அதற்கு உறை கிடையாது. நடுப்பகுதி தெளிவாகத் தெரிந்தாலும், ஓரத்திற்கு வரவர, கட்டிக் கலங்கள் நல்ல மூளைக்குள் ஊடுருவி, நிறத்திலும் தொடுகையிலும் வேறுபாடு தெரியாதபடி கலந்துவிடுகின்றன. வழமையான வெள்ளை வெளிச்சத்தில், எவ்வளவு அனுபவமுள்ள கண்ணும் இந்த எல்லையில் தடுமாறும். கொஞ்சம் குறைவாக எடுத்தால் கட்டி எஞ்சிவிடும். கொஞ்சம் கூடுதலாக எடுத்தால் பேச்சோ கையசைவோ போய்விடும். இந்த இடத்திலேயே மருந்து உதவுகிறது.

அதன் பெயர் 5-அமினோலெவுலினிக் அமிலம்; சுருக்கமாக 5-ஏ.எல்.ஏ. என்பார்கள். இது சாயம் அன்று. எங்கள் உடலே நாள்தோறும் உருவாக்குகின்ற ஒரு பொருள். குருதியின் ஈமோகுளோபினில் உள்ள ‘ஈம்’ என்ற பகுதியைத் தயாரிக்கும் தொடரில் இது தொடக்கப் படி. வழக்கமாக, ஈம் போதியளவு சேர்ந்ததும் உடல் இந்த முதற்படியைத் தானாகவே அடக்கிவிடும். அமிலத்தை வெளியிலிருந்து வாய்வழியாகக் கொடுக்கும்போது அந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டித் தொடர் ஓடத் தொடங்குகிறது. தொடரின் கடைசிக்கு முந்திய படியில் உருவாவது புரொட்டோபோர்பைரின்-9. அதனுள் இரும்பைச் சேர்த்தால் ஈம் ஆகிவிடும். தீவிரமான கட்டிக் கலங்களில் இரும்பைச் சேர்க்கும் நொதியம் மந்தமாக இருப்பது உள்ளிட்ட காரணங்களால், புரொட்டோபோர்பைரின் மேற்கொண்டு மாறாமல் அங்கேயே தேங்கிவிடுகிறது. நல்ல மூளையில் அப்படித் தேங்குவது மிகக் குறைவு. ஏறத்தாழ 400 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீல ஊதா ஒளியை அதன்மேல் விழச் செய்தால், அது 635 நனோமீற்றர் அளவில் சிவப்பாக ஒளிர்கிறது. சத்திரசிகிச்சையின்போது நிபுணர் பார்க்கும் நுணுக்குக்காட்டியில் இதற்கான விசேட வடிகட்டி பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அந்த வடிகட்டியினூடாகப் பார்த்தால் மூளை நீலமாகவும், கட்டி சிவப்பாகவும், ஓரத்தில் கட்டிக் கலங்கள் கலந்த பகுதி மங்கிய இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

பல வருடங்கள் ஈம் தொகுப்பை வெண்கட்டியால் கரும்பலகையில் எழுதியவள் நான். அதே தொடர் என் அண்ணாவின் தலைக்குள் ஒரு நிபுணருக்கு வழிகாட்டப் போகிறது என்று கேட்டபோது, பயத்தின் நடுவிலும் ஒரு மரியாதை எழுந்தது.

இம்முறையை ஜேர்மனியின் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் வோல்டர் ஸ்டம்மரும் அவருடைய குழுவினரும் 1990களின் பிற்பகுதியிலிருந்து வளர்த்தெடுத்தார்கள். 2006இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், இந்த மருந்தோடு சத்திரசிகிச்சை பெற்றவர்களில் 65 சதவீதத்தினருக்கு ஸ்கானில் ஒளிரும் பகுதி முழுவதும் அகற்றப்பட்டிருந்தது. வெள்ளை வெளிச்சத்தில் மட்டும் செய்யப்பட்டவர்களில் அது 36 சதவீதம். ஆறு மாதங்கள் வரை கட்டி மீண்டும் வளராமல் இருந்தவர்கள் முதற்குழுவில் 41 சதவீதம், மற்றக் குழுவில் ஏறத்தாழ 21 சதவீதம். ஐரோப்பாவில் 2007இலும் அமெரிக்காவில் 2017இலும் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இந்த எண்களைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: அந்த ஆய்வு மொத்த ஆயுட்காலத்தில் உறுதியான வேறுபாட்டை நிறுவவில்லை. கட்டியைக் கூடுதலாக எடுப்பது அடுத்து வரும் சிகிச்சைகளுக்கு நல்ல தொடக்கம் என்பதே நிபுணர் எங்களுக்குச் சொன்னது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், பின்னர் வரும் ஏமாற்றம் குறையும்.

ஒரு வைத்தியசாலையைத் தெரிவு செய்யும்போது, ‘மருந்து இருக்கிறதா’ என்பதோடு ‘நீல ஒளி வடிகட்டியுள்ள நுணுக்குக்காட்டி இருக்கிறதா’ என்றும் கேளுங்கள். ஒன்று இல்லாமல் மற்றதால் பயனில்லை. இந்த மருந்து விலை கூடியது. அதை இறக்குமதி செய்து எடுக்கும் இடங்களில் நாட்கள் பிந்தலாம். அவ்வாறு காத்திருக்க நேர்ந்தால், காத்திருக்கலாமா என்பதை நிபுணரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் சோடியம் புளோரசீன் என்ற மலிவான சாயத்தை நாளத்தில் ஏற்றி, மஞ்சள் ஒளிர்வின் துணையோடு செய்கிறார்கள். 1948இலேயே மூளைக்கட்டிக்குப் பயன்படுத்தப்பட்ட பழைய முறை அது. அது கட்டிக் கலத்திற்குள் உருவாவதில்லை, குருதிக்கும் மூளைக்கும் இடையிலான தடை பழுதடைந்த இடத்தில் கசிந்து நிற்கிறது. ஆகவே இரண்டும் ஒன்றல்ல. இருந்தாலும், 5-ஏ.எல்.ஏ. இல்லை என்ற ஒரே காரணத்திற்காகக் காணியை விற்று நாடு கடந்து ஓடத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அனுபவமுள்ள கை, நல்ல எம்.ஆர்.ஐ., தாமதமில்லாத கதிர்சிகிச்சை ஆகிய மூன்றும் அதைவிட முக்கியம். மேலும், தாழ்ந்த நிலைக் கட்டிகள் பெரும்பாலும் இந்த மருந்தில் கண்ணுக்குத் தெரியும்படி ஒளிர்வதில்லை. அவற்றுக்கு இதைத் தேடி அலைவதில் பொருளில்லை.

சத்திரசிகிச்சைக்கு முந்திய விசாரிப்பில் சில கேள்விகள் எங்களுக்குப் புதிதாக இருந்தன. குடும்பத்தில் போர்பீரியா என்ற, ஈம் தயாரிக்கும் தொடர் பழுதாகும் நோய் யாருக்காவது உண்டா என்று கேட்டார்கள். இருந்தால் இந்த மருந்தைக் கொடுக்கக்கூடாது. ஈரல் பரிசோதனை செய்தார்கள், ஏனெனில் மருந்துக்குப் பின் ஈரல் நொதியங்கள் சில நாட்களுக்கு உயரக்கூடும். கடைசியாக எடுத்த மாத்திரைகள் அனைத்தையும் எழுதித் தரச் சொன்னார்கள். டொக்ஸிசைக்கிளின், சிப்ரோபுளொக்சசின் போன்ற நுண்ணுயிர் கொல்லிகள் தாமாகவே தோலை வெயிலுக்கு உணர்திறனாக்குபவை. அவற்றை இதனுடன் சேர்க்கக்கூடாது. அண்ணா ஒரு கசாயமும் குடித்துக்கொண்டிருந்தார். அண்ணி அதைச் சொல்லத் தயங்கினார், நானே சொன்னேன். நிபுணர் கோபிக்கவில்லை, நிறுத்தும்படி மட்டும் சொன்னார். எங்கள் ஊரில் நாட்டு மருந்தை வைத்தியரிடம் மறைப்பது வழக்கம். இந்தச் சத்திரசிகிச்சையைப் பொறுத்தவரை அதை மறைக்கவே கூடாது.

இன்னொரு ஆயத்தம் யாழ்ப்பாணத்தவருக்கு விசேடமாகத் தேவைப்பட்டது. பேச்சுப் பகுதிக்கு அருகில் கட்டி இருந்ததால், மண்டையோட்டைத் திறந்த பின் அண்ணாவை விழிக்கச் செய்து, படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வதாகத் திட்டமிட்டிருந்தார்கள். பரிசோதிக்கும் பெண் நாற்காலி என்ற விடையை எதிர்பார்ப்பார், அண்ணா கதிரை என்பார். அதைப் பிழையென்று குறித்துவிட்டால் தேவையில்லாமல் சத்திரசிகிச்சை அந்த இடத்தில் நின்றுவிடும். ஆகவே முதல் நாள் மாலையில் எல்லாப் படங்களையும் அண்ணாவோடு இருந்து பார்த்து, அவர் வாயில் இயல்பாக வரும் பெயரை ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதிக் கொடுத்தோம்.

மருந்து கொடுத்தது விடிவதற்கு முன். மயக்க மருந்துக்கு ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்திற்கு முன்னர் குடிக்க வேண்டும்; ஒளிர்வு உச்சத்தை அடைவது குடித்து ஆறு மணித்தியாலமளவில் என்பதால், தலையைத் திறந்து கட்டியை அடையும் நேரத்தோடு அது பொருந்துகிறது. அளவு, உடல் எடையின் ஒரு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராம். அண்ணா 60 கிலோ. 1.5 கிராம் தூள் உள்ள சிறிய போத்தலில் 50 மில்லிலீற்றர் தண்ணீரைவிட்டுக் கரைத்து, அதிலிருந்து 40 மில்லிலீற்றரைத் தாதி ஊசிக்குழாயால் உறிஞ்சிச் சிறிய கோப்பையில் ஊற்றினார். மிச்சத்தை எங்கள் கண்முன்னாலேயே கொட்டினார். அண்ணா ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, “என்ன பிள்ளை, பழப்புளி மாதிரி இருக்குது” என்றார். குமட்டல் வரலாம், இரத்த அழுத்தம் குறையலாம் என்று எழும்ப விடாமல் படுக்க வைத்தார்கள். எடையைச் சரியாக அளப்பது முக்கியம். நோயாளிகள் பலர் சில வாரங்களில் மெலிந்துவிடுவதால், பழைய கிளினிக் கொப்பியில் உள்ள எடையைச் சொல்லாமல் அன்றே தராசில் நிறுத்துக் கொடுங்கள்.

குடித்த கணத்திலிருந்து 24 மணித்தியாலம் கண்ணையும் தோலையும் வலிய வெளிச்சத்திலிருந்து காக்க வேண்டும். சில நாடுகளில் 48 மணித்தியாலம் என்றும் சொல்கிறார்கள். புரொட்டோபோர்பைரின் கட்டியில் மட்டுமன்றித் தோலிலும் ஓரளவு சேர்வதே காரணம். யன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். கட்டிலின் தலைமாட்டில் அறிவித்தல் ஒன்றை ஒட்டினார்கள். சத்திரசிகிச்சைக் கூடத்திற்குக் கொண்டுசெல்லும்போது கைகளையும் முகத்தையும் துணியால் மூடினார்கள். சாதாரண அறை விளக்கு தடையில்லை. வெயிலும், நேரே முகத்தில் அடிக்கும் பலமான விளக்குகளுமே கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியர் முறை மாறும்போது, புதிதாக வந்தவருக்கு இவர் வெளிச்ச மருந்து குடித்தவர் என்பதை நாமும் ஒரு தடவை பணிவாக நினைவுபடுத்துவது நல்லது.

ஊருக்குத் திரும்பிய பின் இதற்கு நேர்மாறான சிக்கல் வந்தது. வெளிச்ச மருந்து என்று கேள்விப்பட்ட உறவினர்கள், அண்ணாவை யன்னல் சாத்திய அறையிலேயே வைத்திருக்க வேண்டுமென்று வற்புறுத்தினார்கள். அந்த மருந்து ஓரிரு நாளில் உடலைவிட்டு நீங்கிவிடும், அதன்பின் இருட்டில் வைத்திருப்பதால் நோயாளியின் மனந்தான் சோரும் என்று சொல்லி அவரை முன் விறாந்தைக்குக் கொண்டுவந்து இருத்தினோம். மாலையில் தெருவில் போகிறவர்களோடு பேசியது அவருடைய பேச்சுப் பயிற்சிக்கும் உதவியது.

சத்திரசிகிச்சை முடிந்தபின் நிபுணர் சொன்னதை இங்கே குறிப்பிட வேண்டும். கட்டியின் பெரும்பகுதி தணல்போல் சிவந்து தெரிந்தது என்றும், அதை எடுத்த பின் குழியின் சுவரில் இளஞ்சிவப்பாகத் தெரிந்த இடங்களையும் சுரண்டி எடுத்ததாகவும், பின்பக்கத்தில் ஓரிடத்தில் ஒளிர்வு இருந்தும் விட்டுவிட்டதாகவும் சொன்னார். அந்த இடத்தைச் சிறிய மின்தூண்டலால் தொட்டபோது அண்ணாவின் பேச்சு நின்றுபோயிருக்கிறது. ஒளிர்வதையெல்லாம் எடுப்பது நோக்கமன்று. எடுக்கக்கூடியதை எடுப்பதே நோக்கம். மருமகன் முதலில் கலங்கினாலும், மறுநாள் அண்ணா அவனைப் பெயர் சொல்லி அழைத்தபோது, விட்டது எவ்வளவு பெரிய விடயம் என்பதைப் புரிந்துகொண்டான். மூன்று நாட்களுக்குள் எடுத்த எம்.ஆர்.ஐ.யும் அந்தச் சிறு எச்சத்தை மட்டுமே காட்டியது.

அடுத்தது ஒளியால் அழிக்கும் முறை. ரொறன்ரோவிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி அனுப்பிய செய்தியில், யப்பானில் லேசரால் மூளைக்கட்டியைக் குணமாக்குகிறார்கள் என்றிருந்தது. தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவுக் கிளினிக்கில் கேட்டபோது, வைத்தியர் அதைத் தள்ளிவிடாமல் விளக்கினார். யப்பானில் தலபோர்பின் சோடியம் என்ற மருந்து தீவிர மூளைக்கட்டிக்கு 2013இல் அனுமதி பெற்றது உண்மை. சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் அதை நாளத்தில் ஏற்றி, மறுநாள் கட்டியை வெட்டி அகற்றிய பின், எஞ்சிய குழியின் சுவரில் 664 நனோமீற்றர் சிவப்பு லேசரைப் பாய்ச்சுகிறார்கள். மருந்து, ஒளி, ஒட்சிசன் மூன்றும் சேரும் இடத்தில் வீரியமான ஒட்சிசன் வடிவம் தோன்றிக் கலத்தைச் சிதைக்கிறது. வெட்டுவதற்குப் பதிலாக அன்றி, வெட்டிய பின்னரே இது செய்யப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒளி மூளை இழையத்திற்குள் சில மில்லிமீற்றர் முதல் ஒரு சென்ரிமீற்றர் அளவே பயனுள்ளதாகச் செல்லும். அதற்கு அப்பால் ஊடுருவிய கலங்களை அது எட்டாது.

இது திடீரென்று தோன்றிய புதுமையும் அன்று. 1900இல் மியூனிக்கில் ஒஸ்கார் ராப் என்ற மாணவர், ஒரு சாயமும் ஒளியும் சேர்ந்தால் பரமீசியம் என்ற ஒருகல நுண்ணுயிர் இறப்பதைக் கண்டார். 1912இல் மேயர்-பெட்ஸ் என்ற வைத்தியர் ஈமற்றோபோர்பைரின் என்ற, ஒளிக்கு உணர்திறன் தரும் பொருளில் 200 மில்லிகிராமைத் தனக்கே ஏற்றிக்கொண்டு வெயிலில் போனபோது, முகமும் கைகளும் வீங்கி, வெயில் ஒவ்வாமை இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. நூறு வருடத்திற்கு மேலாக வளர்ந்து வரும் இம்முறை இன்றும் மூளைக்கட்டிக்குப் பெரும்பாலும் ஆய்வுநிலையிலேயே இருக்கிறது, 5-ஏ.எல்.ஏ.யையே இதற்கும் பயன்படுத்தும் ஆய்வுகள் ஐரோப்பாவில் நடக்கின்றன.

உறவினர் யாராவது வெளிநாட்டில் இதைப் பெற்றுத் திரும்பினால், எங்கள் வெயிலில் மிகுந்த கவனம் தேவை. தலபோர்பினுக்கு இரண்டு வாரமளவிலும், போட்டோபிரின் என்ற பழைய மருந்துக்குக் குறைந்தது ஒரு மாதமும் வெயிலைத் தவிர்க்க வேண்டும். வெயில் கிறீம் பூசுவது போதாது; அது ஊதாக் கடந்த கதிரைத் தடுக்குமே தவிர, இம்மருந்துகளைத் தூண்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்காது. நீளக்கைச் சட்டை, அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி ஆகியவையே பாதுகாப்பு. முற்றத்து வெண்மணலிலும் தகரக் கூரையிலும் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் வெயிலே. இருந்தும் முழு இருட்டில் அடைத்து வைக்கக்கூடாது: வீட்டுக்குள்ளே உள்ள மெல்லிய வெளிச்சம் தோலில் எஞ்சிய மருந்தைச் சிறிது சிறிதாகச் செயலிழக்கச் செய்கிறது.

அண்ணாவுக்கு உண்மையில் காலத்தை நீட்டித் தந்தது சத்திரசிகிச்சையும் அதைத் தொடர்ந்த கதிர்சிகிச்சையும் டெமோசொலோமைட் என்ற புற்றுநோய் மாத்திரையும் சேர்ந்துதான். 2005இல் வெளியான பெரிய ஆய்விலிருந்து உலகெங்கும் பின்பற்றப்படும் முறை அது: ஆறு வாரங்களில் 60 கிறே கதிர்வீச்சு, கூடவே தினமும் மாத்திரை, பின்னர் மாதச் சுற்றுகளாக மாத்திரை. நடுத்தர ஆயுட்காலம், அதாவது நோயாளிகளில் பாதிப்பேர் கடந்த காலம், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 12.1 மாதமாகவும், மாத்திரையும் சேர்ந்தவர்களுக்கு 14.6 மாதமாகவும் இருந்தது. வெள்ளவத்தையில் தங்கி மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் கதிர்சிகிச்சையை முடித்தோம். யப்பான் செய்தியைத் துரத்தி இதைத் தள்ளிப்போட்டிருந்தால் அண்ணாவுக்குக் கிடைத்த நல்ல மாதங்கள் கிடைத்திருக்கமாட்டா. அந்த மாதங்களில் அவர் தன் பேர்த்திக்கு ஏடு தொடக்கினார், நல்லூர்க் கொடியேற்றத்திற்குத் தானே நடந்து போனார்.

கட்டி மீண்டும் வளர்ந்தபோது, திரும்பவும் அந்த மருந்தைக் கொடுத்துச் செய்யலாம்தானே என்று மருமகன் கேட்டான். சென்னை நிபுணர் ஸ்கான்களைப் பார்த்துவிட்டு நேர்மையாகப் பதில் சொன்னார். கதிர்வீச்சு பெற்ற மூளையில், கட்டிக் கலம் இல்லாத, சிகிச்சையால் மாறிய இழையமும் சிவப்பாக ஒளிரக்கூடும். ஆகவே முதல் தடவை போல அந்த நிறத்தை நம்ப முடியாது. வளர்ந்திருப்பதும் அன்று பேச்சுக்காக விட்ட அதே இடத்திலிருந்து. எடுத்தால் சில மாதங்கள் கூடலாம், ஆனால் பேச்சு போவது ஏறக்குறைய உறுதி. அண்ணா அப்போதும் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்ததால் கேள்வியை அவரிடமே வைத்தோம். வேண்டாம் என்றார். வலியும் வலிப்பும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று தன் கையால் கிளினிக் கொப்பியில் எழுதிக் கையொப்பமிட்டார். தெல்லிப்பழையில் அவரைக் கவனித்தவர்கள் கடைசிவரை அதன்படியே நடந்தார்கள்.